திசை விரதமும் கடல் கடந்த இல்லறமும்



கணினி மென்பொருள் பயின்ற பிள்ளைகள் நம் இல்லங்களில் பெருகிவிட்டனர். அவர்களுள் பலர் மனைவி மக்களுடன் அயல்நாடு சென்று குடியேறுகின்றனர். “அனுப்புவது அறமா, தடுப்பது அறமா?” என்று பெற்றோர் சிலர் என்னை வினவுவதுண்டு. இவ்வினா என் வீட்டிலேயே எழுந்தது. ஆதலின் அறிந்ததையும் பட்டதையும் சேர்த்தே கூறுகிறேன்.

இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். மலை, ஆறு, கடல், நாடு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு, பத்துத் திசையிலும் “இதற்கு அப்பால் செல்லேன்” என்று வாழ்நாள் முழுமைக்கும் உறுதி பூணுதல் அது. அவ்வெல்லைக்குள்ளும் காலம் குறித்து மேலும் சுருக்கிக்கொள்ளுதல் தேசவிரதம். எல்லைக்கு அப்பாலுள்ள பொருளின்மீது ஆசை எழாது. அங்குள்ள உயிர்களுக்கு நம்மால் இன்னலும் நேராது. பயணத்தைப் பழிப்பதற்காக இவ்விரதம் வகுக்கப்படவில்லை. ஆசைக்கு அளவு காண்பதற்காகவே வகுக்கப்பட்டது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் எல்லை கடத்தல் மூன்று. வகுத்த எல்லையைப் பெருக்கிக்கொள்ளுதல் நான்காவது. வகுத்ததையே மறந்துவிடுதல் ஐந்தாவது. “இரண்டே ஆண்டுகள்” என்று சொல்லிப் போனவர் இருபது ஆண்டுகள் தங்கிவிடுவதை எண்ணிப் பாருங்கள். இறுதி இரண்டு குற்றங்களும் நம் காலத்துக்கென்றே சொல்லப்பட்டவை போல் தோன்றும்.

2023ஆம் ஆண்டு என் மகனுக்கு ஜெர்மனியின் பெர்லின் நகரில் மென்பொருள் பணி கிடைத்தது. “அம்மா, போகலாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லவே என் நெஞ்சம் துடித்தது. ஆயினும், வினாவுக்கு விடையை உடனே கூறிவிடாமல் மாணவனையே எண்ணச் செய்தல் ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற பாடம். வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊர் ஜினாலயத்தில் வழிபாடு முடிந்தபின் அனைவரும் அமர்ந்தோம். விரதத்தின் கருத்தை ஒட்டி எல்லைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

முதல் எல்லை காலம். அந்நாட்டில் பிள்ளைகள் பள்ளி செல்வது சட்டப்படி கட்டாயம். பாடமோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு வரை. பெரும்பாலான பிற மாநிலங்களில் நான்காம் வகுப்பு வரையே. எட்டு வயதுப் பேரனை எண்ணி, “அவன் ஆறாம் வகுப்பு முடிக்கும் 2027இல் மீண்டும் கூடி முடிவெடுப்போம்” என்று எழுதினான் மகன்.

இரண்டாம் எல்லையை மருமகள் எழுதினாள். அவள் இயற்பியல் ஆசிரியை. நீல அட்டை என்னும் அனுமதி பெற்றவரின் துணைவர் எப்பணியும் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் பள்ளியில் கற்பிக்க உயர்ந்த மொழித்தேர்ச்சி வேண்டும். சட்டம் திறந்த கதவை மொழி அடைத்துவிடும். “நான் மொழி கற்று முடிக்குமுன் வேறு நகரம், வேறு நாடு என மாறலாகாது” என்பது அவள் எழுதியது. ஒருவர் உயர்வுக்காக மற்றவர் கல்வி வீணாதலும் இம்சையன்றோ?

மூன்றாவது உணவு. டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். ஜூன் திங்களிலோ இரவு ஒன்பதரை மணி வரை ஒளி இருக்கும். நம் இரவுண்ணாமை கடிகாரத்தை நோக்கியதன்று, கதிரவனை நோக்கியது. குளிர்காலத்தில் மகன் அலுவலகத்திலேயே மூன்றரை மணிக்கு உண்டு முடிக்கிறான். மிட்டாயிலும் சிலவகைத் தயிரிலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் கலந்திருக்கும். பாலாடைக்கட்டி சிலவற்றைக் கன்றின் இரைப்பையில் உள்ள நொதியால் திரளச் செய்கின்றனர். ஆதலால் உறையைப் படித்தபின் வாங்குவதே அங்கு கொல்லாமையின் முதற்படி. என் பேரன் முதலிற் கற்ற ஜெர்மன் சொற்களுள் சில அவ்வுறைகளில் இருந்தவையே!

நான்காவது என்னுடையது. “எப்போது வருவாய் என்று கேட்டு அவர்களை வருத்தேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சோதனை வராமல் இல்லை. கூடுதல் ஊதியத்துடன் வேறு நாட்டில் மகனுக்கு அழைப்பு வந்தது. அப்போது மருமகள் இடைநிலை மொழித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துப் படித்து, அழைப்பை மறுத்துவிட்டான். நீல அட்டையினர் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். இடைநிலைத் தேர்ச்சி இருப்பின் 21 மாதமே போதும். 2025இல் அவ்வுரிமையும் கிடைத்தது. எல்லையை மறக்கும் அதிசாரம் நுழைவது இத்தகைய நேரத்தில்தான். அரசு தந்த எல்லை நீளும்போது, நாம் வகுத்த எல்லையை நாமே நினைவிற்கொள்ள வேண்டும். 2027இல் அவர்கள் திரும்பினாலும் தங்கினாலும், அம்முடிவு மறதியால் நேர்ந்ததாக இருத்தலாகாது.

ஒன்றை மறையாது கூறவேண்டும். எங்கள் நால்வருள் முதலில் எல்லை கடந்தவள் நானே! மகாவீரர் முத்தியடைந்த தீபாவளி நாளில் தொலைபேசியில் பேரன் குரல் கேட்டதும், “எப்போது வருவாய்?” என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் மகன் பேச்சற்று நின்றான். அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அக்குற்றத்தைச் சொல்லி வருந்தினேன். பிள்ளையை எனதென்று பிடித்துவைப்பதும் பரிக்கிரகமே என்பதை அன்றுதான் முற்ற உணர்ந்தேன்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் புறப்படுமுன் ஒருங்கே அமர்ந்து, காலம், பொருள், துணைவர் கல்வி, குழந்தை பள்ளி, உணவு ஆகிய ஐந்துக்கும் எல்லை எழுதுங்கள். உங்களுக்கும் ஓர் எல்லை அதில் இருக்கட்டும். தவறினால் வருந்தித் திருந்த வழியுண்டு. எல்லையே வகுக்காதவர்க்குத் தாம் தவறியதும் தெரியாது.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!