அப்பா பெயர் என்ன, சுவாமி?

சந்நியாசம் வாங்குகிறவர் முதலில் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறார். பிண்டம் வைத்து, விரஜா ஹோமம் முடித்து, குடுமியும் பூணூலும் களைந்து, குரு சூட்டிய புதுப் பெயரோடு எழுந்து வருபவருக்கு அப்பா, அம்மா, கோத்திரம், பங்காளி எல்லாம் அத்தோடு சரி. பூர்வாசிரமப் பேச்சை எடுப்பதே மரியாதைக் குறைவு. அப்படிப்பட்ட ஒருவர் வங்கிக் கணக்குக்காக பான் கார்டுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் என்ற இடத்தில் துறவுப் பெயர், தந்தை பெயர் என்ற இடத்தில் குருவின் பெயர். ஆதாரிலோ இன்னும் பழைய பெயர். விண்ணப்பம் திரும்பி வருகிறது. செத்துப்போனவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

பான் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதில் பெரிய தத்துவம் ஏதும் கிடையாது. கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கும், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாது, பெயரில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். தமிழர்களுக்கு இனிஷியல் தொல்லை தனி. பல்லாண்டு புழக்கத்தில் இருந்த 49ஏ படிவத்தின் குறிப்புகள், முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் கூடாது என்றன. ஆகவே 'கே. முருகன்' அப்பா கந்தசாமியை முழுசாக விரித்து, கடைசிப் பெயர் கட்டத்தில் உட்காரவைத்தார். ஸ்ரீ, டாக்டர் போன்ற அடைமொழிகளுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. 'சுவாமி' அடைமொழியா, பெயரின் பகுதியா? மடத்தில் ஒரு பதில், கவுன்ட்டரில் வேறு பதில். முதலில் ஆதாரைத் திருத்தி, பிறகு மறுபடி விண்ணப்பிப்பதுதான் தொல்லை குறைந்த வழி. ஏற்கெனவே எண் வாங்கியிருந்தால் புதிதாகக் கேட்கக்கூடாது. திருத்தம் மட்டுமே கோரலாம். ஒருவருக்கு ஒரு பான்தான். இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் போட சட்டத்தில் இடமுண்டு.

பான் எண்ணின் பத்து இலக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர். தனிநபருக்கு ஐந்தாவது எழுத்து, கடைசிப் பெயரின் முதல் எழுத்து. முருகனுக்கு அது கந்தசாமியின் 'கே'. அந்த முருகன் நாளை துறவியாகிப் பெயரை மாற்றினாலும் கார்டில்தான் பெயர் மாறும், எண் மாறாது. காவிக்குள்ளும் ஐந்தாவது எழுத்தாக அப்பா கூடவே வருவார்.

குருவைத் தந்தை இடத்தில் வைக்க அரசு எங்குமே ஒப்புவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தி, சாதுக்களும் சந்நியாசிகளும் பெற்றோர் பெயருக்குப் பதில் குருவின் பெயரைத் தரலாம் என்றது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வாக்காளர் அட்டை, பான், ஆதார் போன்ற ஏதாவது ஓர் ஆவணத்தில் பெற்றோர் இடத்தில் குருவின் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்! எந்த அலுவலகம் முதலில் நம்புவது என்பதுதான் சிக்கல்.

துறவி உண்மையிலேயே இறந்தவரா என்ற கேள்விக்குச் சட்டம் ஒருபாதி 'ஆம்' என்கிறது. துறவு பூண்டவருக்குப் பிறந்த குடும்பத்தோடு உறவு அறுந்துவிடுகிறது, அது ஒரு சிவில் மரணம் என்று 1954-இல் ஒரு மகந்து (மடத் தலைவர்) தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சொத்துக்கு மட்டும் செத்தவர், வரிக்கு உயிரோடு இருப்பவர் என்றால் அது அரசின் தந்திரம்போலத்தான் தோன்றும்.

இதற்கு விடை வரித்துறைச் சுற்றறிக்கைகளைவிட மிலிந்த பஞ்ஞா என்ற பௌத்த நூலில் தெளிவாக இருக்கிறது. நாகசேனர் என்பது வெறும் அழைப்புப் பெயர், உள்ளே 'ஆள்' என்று யாரும் இல்லை என்கிறார் பிக்கு நாகசேனர். அப்படியானால் செய்த வினையிலிருந்து எல்லோரும் தப்பிவிடலாமே என்று மன்னர் மிலிந்தர் மடக்கப் பார்க்கிறார். பிக்கு ஒரு மாம்பழத் திருடனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிடிபட்டவன் சொல்கிறான்: 'இவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு, இவர் பொருளை நான் எடுக்கவே இல்லை.' அவன் வாதம் எடுபடாது என்று மன்னரே ஒப்புக்கொள்கிறார். நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்தது! ஆன்மா ஒன்றே மாறாமல் தொடர்கிறது என்று நம்பாத மதமே கணக்கைத் தொடரச் சொல்கிறது. பான் எண்ணும் அவ்வளவுதான் கேட்கிறது. 'நீ யார்' என்பதில் அதற்கு அக்கறை இல்லை. நேற்றைய வரவு செலவுக்கு இன்று யாரைக் கூப்பிடுவது என்பதே அதன் கவலை. இதில் துறவுக்கு இழுக்கு வந்துவிடாது. திருவண்ணாமலையில் 1936-இல் ஒரு வழக்குக்காகச் சாட்சியம் வாங்கியவர்கள் நான்கு வாழ்க்கை நிலைகளில் எந்த ஆசிரமம் என்று கேட்டபோது, நான்கையும் கடந்த அதியாசிரமம் என்றார் ரமணர். எந்தக் கட்டத்திலும் அடங்காத பதில்; ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். 1938-இல் ஆசிரம நிர்வாகத்துக்காக உயிலும் எழுதிவைத்தார். படிவத்தைப் பார்த்துக் கோபப்படுகிற துறவியிடம் படிவத்தைவிடக் கோபம்தான் பெரிய மிச்சம்.

கடவுளுக்கே இந்த விஷயத்தில் விலக்கு கிடைக்கவில்லை. கல்கத்தா தெய்வங்கள் இரண்டின் வருமானம் தொடர்பான யோகேந்திரநாத் நஸ்கர் வழக்கில், 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி இந்துத் தெய்வமும் வரி மதிப்பீட்டுக்கு உரிய ஒரு 'தனிநபர்'தான் என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் இந்தத் தர்க்கம் உரசுகிற இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். சம்பளம் முழுவதும் சபைக்கே போகிறது. திருச்சபைச் சட்டப்படி தாங்கள் சிவில் மரணம் அடைந்தவர்கள், ஆகவே சம்பளத்தில் வரி பிடிக்கக்கூடாது என்று வாதாடினார்கள். 1944, 1977 சுற்றறிக்கைகள் மிஷனரிகள் சபையிடம் ஒப்படைக்கும் கட்டணங்களுக்கு விலக்கு அளித்திருந்தன. அது சம்பளத்துக்குப் பொருந்தாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கையில் வந்ததா, வந்ததை யாருக்குக் கொடுத்தார் என்பது வேறு கதை. சம்பளம் யார் பெயரில் என்பதே கேள்வி. சட்டப்படி இது சரியாகத்தான் படுகிறது. ஆனால் துறவியின் காவிக்குள் தொடரும் எண் அவரிடம் எதையும் பொய்யாகச் சொல்லச் சொல்வதில்லை. இங்கே நிலைமை அப்படி இல்லை. கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்ப வாங்க வேண்டுமானால், எதுவும் தன்னுடையதல்ல என்று வார்த்தைப்பாடு கொடுத்த அந்த ஆசிரியை, மொத்தச் சம்பளத்தையும் தன் வருமானம் என்று காட்டித் தன் பான் எண்ணிலேயே ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.