பரிசோதனைப் படம்

பழுது நீக்கி வந்த லென்ஸைச் சோதிக்க ஒருவன் பெங்களூரில் விதான சௌதாவைப் படமெடுக்கிறான். எதைப் படமெடுத்தாய் என்று கேட்டால், லென்ஸைச் சோதித்தேன் என்பான். பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை, ஆனால் பொய்யுமில்லை. பார்க்கப்படும் பொருள் பார்வையின் நோக்கமாக இல்லாதபோது அந்தப் பார்வை எவ்வகைப்பட்டது என்பதே பிரச்னை.

இக்காரியத்துக்கு வெகு தோதான கட்டடம் அது. 1951-இல் நேரு அடிக்கல் நாட்டி, கெங்கல் ஹனுமந்தையாவின் பிடிவாதத்தால் வளர்ந்து, 1956-இல் முடிந்த கருங்கல் மாளிகை. முகப்பில் 40 அடி உயரத்தில் 12 தூண்கள். இடமும் வலமும் ஒன்றே போல. லென்ஸைப் பிரித்துப் பூட்டும்போது உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், ஒரு பக்கத் தூண்கள் கூர்மையாகவும் மறுபக்கத்தவை மங்கலாகவும் விழும். சமச்சீரான கட்டடம் இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். (தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்வது வேறு விஷயம். அது கேமராவை அண்ணாந்து பிடித்ததன் விளைவு; லென்ஸ் பொறுப்பல்ல.)

முகப்பில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது: அரசாங்கப் பணி தெய்வப் பணி. நம் சோதனைக்காரன் அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறான் — எழுத்துக்களின் கோடுகள் தனித்தனியே பிரிந்து தெரிகின்றனவா என்று மட்டும். வாசகத்தை அவன் வாசிக்கவில்லை. கண் வைத்தியரின் சுவரில் தொங்கும் அட்டைக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை அல்லவா? எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு. அண்ணாந்து பார்க்கப்படுவதற்கென்றே அதிகாரம் கட்டிக்கொண்டதை இவன் மரியாதை எதுவும் செலுத்தாமல் உபயோகித்துக்கொள்கிறான். ஆனால் கல்லைச் செதுக்கியவனும் அதே புறக்கணிப்பில் அகப்பட்டுக்கொள்கிறான். மாலை விளக்கொளியில், வாழ்த்து அட்டைக்கென்று படமெடுப்பவன் மட்டும் கட்டடத்தைப் பார்க்கிறான் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

கருவியைச் சோதிப்பதற்காகக் கவிதையை எடுத்துக்கொள்ளும் விமர்சனம் தமிழுக்குப் புதிதல்ல. அமைப்பியல்காரர்கள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அணியிலக்கணக்காரர்களும் மார்க்ஸீயர்களும் அவரவர் அட்டையைச் சுவரில் மாட்டியவர்கள்தாம். இதைக் குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. கருவியில்லாத பார்வை என்று ஒன்று கிடையாது. கருவியென்றால் சோதித்தாக வேண்டும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. படம் மங்கினால் லென்ஸ்காரன் லென்ஸைச் சந்தேகிக்கிறான். நம் விமர்சகன் கவிதையைச் சந்தேகிக்கிறான். அல்லது துவாரத்தைச் சுருக்கிக்கொள்கிறான். சுருக்கிய துவாரத்தில் லென்ஸின் பல குற்றங்கள் மறைந்துபோகும்; அதனாலேயே தொழில் தெரிந்தவர்கள் முழுக்கத் திறந்து வைத்துச் சோதிப்பார்கள்.

மங்கல் லென்ஸிலா, வெளியிலா என்று அறிய அவர்களிடம் ஒரு வழி உண்டு. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இடப்பக்கத் தூண்களில் இருந்த மங்கல் வலப்பக்கத் தூண்களுக்குப் போய்விட்டால் குற்றம் லென்ஸில். அதே தூண்களிலேயே நின்றால், லென்ஸை விட்டுவிட்டு, நின்ற கோணத்தையோ காலைப் பனியையோ அபூர்வமாகக் கல்லையோ ஆராயப் போகவேண்டும். நம்மில் எவரும் தம் கோட்பாட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதே கவிதையை இரண்டாம் முறை வாசித்ததாக எனக்கு நினைவில்லை.