விலகி ஓடுவதும் வீரமே

பாவத்தோடு போராடும் மனிதனுக்குத் திருமறை எல்லா இடத்திலும் ஒரே ஆலோசனையைச் சொல்வதில்லை. பிசாசுக்கு எதிர்த்து நிற்கும்படி யாக்கோபு எழுதுகிறார். தேவன் தரும் ஆயுதங்களைத் தரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்படி எபேசு சபைக்குப் பவுல் எழுதுகிறார். ஆனால் உடலின் இச்சை என்று வரும்போது, அதே பவுல் கொரிந்து சபையாரை நிற்கச் சொல்லவில்லை. விலகி ஓடச் சொல்கிறார். இளம் ஊழியரான தீமோத்தேயுவுக்கும் அதே ஆலோசனைதான். சவுக்கடிக்கும் சிறைக்கும் கலங்காத ஒருவர் இந்த ஒரு காரியத்தில் ஓடச் சொல்கிறார் என்றால், அதற்குக் காரணம் இருக்கவேண்டும். ஒவ்வொருவனும் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு. இழுக்கும் கை நமக்குள்ளேயே இருக்கும்போது, பக்கத்தில் நின்றுகொண்டே ஜெயித்துவிடலாம் என்று எண்ணுவது வீண் நம்பிக்கை. எங்கே இருப்பது, எதைப் பார்ப்பது, யாரோடு தனித்திருப்பது என்று முன்கூட்டியே நாம் எடுக்கும் சின்னச் சின்னத் தீர்மானங்களில்தான் பரிசுத்த வாழ்வின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது.

இதற்குத் திருமறையே இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்துகிறது. யோசேப்பு எகிப்தில் விற்கப்பட்ட அடிமை. பெற்றோர் அருகில் இல்லை, தட்டிக்கேட்க ஆளில்லை. எஜமான் போத்திபாரின் மனைவி ஒருநாள் மட்டும் அழைக்கவில்லை, நாள்தோறும் அழைத்தாள். அவன் அவளுக்கு இணங்கவில்லை, அவள் அருகில் இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் கவனமாகச் சொல்கிறது. எஜமானின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்யமாட்டேன், தேவனுக்கு விரோதமாகப் பாவம் செய்யமாட்டேன் என்று முதல் நாளே அவன் காரணம் சொல்லிவிட்டான். ஆகவே வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடிய நாளில் அவன் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தாவீதோ அரசன். யுத்தத்துக்குப் போகவேண்டிய காலத்தில் எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலத்தில் அரண்மனை உப்பரிகையில் உலாவினான், ஒரு பெண்ணைக் கண்டான், யாரென்று விசாரித்தான். அவள் உரியாவின் மனைவி பத்சேபாள் என்று பதில் வந்தது. அந்த நிமிடத்தில்கூடத் திரும்பிப்போக வழி இருந்தது. ஆனால் அவளை அழைத்துவர அவன் ஆள் அனுப்பினான். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் இடம்பெற்ற உரியா, அந்தப் பாவத்தை மறைக்கத் தாவீது எழுதிய தன் சாவுக்கான கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு படைத்தலைவன் யோவாபிடம் போனான். அந்த மாலைப் பார்வை கொலையில் வந்து முடிந்தது.

கல்யாணம் ஆகிவிட்டால் இந்தப் போராட்டம் ஓய்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தாவீதின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. எப்ரோனில் இருந்த காலத்திலேயே அவனுக்குப் பல மனைவியர் இருந்தார்கள். இல்லாமையால் அவன் விழவில்லை. கண்ணுக்குக் காவல் வைக்காததால் விழுந்தான். ஓடுவது கோழைத்தனம், சோதனைக்கு நடுவில் நின்று காட்டுவதுதான் வீரம் என்று வேறு சிலர் வாதிடலாம். யோசேப்புக்கு அந்த ஓட்டம் எதைத் தந்தது என்று பாருங்கள். விட்டுவந்த வஸ்திரமே பொய்ச்சாட்சி ஆயிற்று. நல்லவன் சிறைக்குப் போனான். விலை இவ்வளவு என்று தெரிந்தும் ஓடுகிறவனைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. விலகி ஓடு என்று சொல்லும்போது, பெண்ணை ஆபத்தாகவும் கண்ணியாகவும் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோமா? 1948-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் அவருடைய மூன்று உடன் ஊழியர்களும் கூடி, பண விஷயத்திலும் ஒழுக்க விஷயத்திலும் தங்களுக்கென்று சில வரம்புகளை வகுத்துக்கொண்டார்கள். மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருப்பதில்லை என்பது அவற்றில் ஒன்று. அந்த எச்சரிக்கை அவருடைய நீண்ட ஊழியத்துக்குக் காவலாக நின்றது. ஆனாலும் அதே விதியை அப்படியே அலுவலகத்தில் வைத்தால், பெண்களுக்குக் கிடைக்கவேண்டிய ஆலோசனையும் வாய்ப்பும் அடைபட்டுப்போகும் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. நாம் போடும் வேலி நம்முடைய இச்சைக்குத்தான். அடுத்தவருடைய முன்னேற்றத்துக்கு அல்ல. கதவைத் திறந்துவைத்துப் பேசலாம், பலர் இருக்கும் இடத்தில் சந்திக்கலாம். மலைப்பிரசங்கத்தில் இயேசு குற்றத்தைப் பார்க்கப்பட்டவள்மீது சுமத்தவில்லை, இச்சையோடு பார்த்தவன்மீதே சுமத்தினார். நாத்தான் தீர்க்கதரிசியும் பத்சேபாளை நோக்கி விரல் நீட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று தாவீதுக்கு உணர்த்தினார். இந்தப் பாவத்தில் திருட்டு இருக்கிறது, பிறனுக்குச் செய்யும் அநீதி இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுலும் இதே காரியத்தில் சகோதரனை வஞ்சிக்கக்கூடாது என்றுதான் எச்சரிக்கிறார்.

அப்படியானால் கிறிஸ்தவம் உடலை வெறுக்கிறதா? இல்லை. பவுல் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்த கொரிந்து, வணிகமும் கப்பல் போக்குவரத்தும் மிகுந்த நகரம். உடல் வெறும் பசி தீர்க்கும் பொருள், அதை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற பேச்சு அந்தச் சபைக்குள்ளும் நுழைந்திருந்தது. உடல் அற்பமானது என்று பவுல் பதில் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்கே துணைபோயிருப்பார். மாறாக, அது பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் என்றார். தம்பதியரின் அன்பைக் கொண்டாடும் உன்னதப்பாட்டு திருமறைக்குள்ளேயே இருக்கிறது. திருமணத்தைக் கனமாக எண்ணும்படி எபிரெயர் நிருபம் கேட்டுக்கொள்கிறது. விலை உயர்ந்தது என்பதால்தான் காவல். அசுத்தமானது என்பதால் அல்ல.

சோதனை வருவதையே பாவம் என்று எண்ணிச் சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. இயேசுவும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவம் செய்யவில்லை. 386-ஆம் ஆண்டு மிலான் நகரில் மனம் திரும்பிய அகுஸ்தீன், பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், ஆயராக இருந்துகொண்டே, பழைய நினைவுகள் கனவில் இன்னும் தம்மைத் தொந்தரவு செய்வதாக அறிக்கையிட்டார். போராட்டம் நீடிப்பது தோல்வியின் அடையாளம் அல்ல. விழுந்தவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. கொரிந்து சபையில் இருந்தவர்களில் சிலர் இப்படிப்பட்ட பாவங்களில் வாழ்ந்து, பின் கழுவப்பட்டவர்கள்தான் என்று பவுலே சொல்கிறார்.

ஆகவே, அன்பானவர்களே, சோதனை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தாவீதுக்கு ஓர் உப்பரிகை இருந்தது; நமக்குப் படுக்கை வரைக்கும் கூடவே வரும் செல்போன் இருக்கிறது. இன்று இரவு அதைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். உங்களை இழுக்கும் பக்கங்களையும் குழுக்களையும் இன்றே நீக்குங்கள். மறைத்துவைத்த போராட்டத்தை நம்பிக்கையான ஒரு போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ மனம்விட்டுச் சொல்லுங்கள். தப்பிக்கும் வழியையும் தேவன் உண்டாக்கித் தருவார் என்பது திருமறையின் வாக்குறுதி. மனம் தெளிவாக இருக்கும் இந்த வேளையிலேயே அந்த வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கர்த்தர் உங்களைப் பலப்படுத்துவாராக.