விரும்பிக் கப்பலேறுதல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவர்களுக்குப் பயணத் திட்டம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. நயினாதீவுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். காற்று அடங்கியிருந்தால் லோஞ்சு புறப்படும், எழுந்தால் எல்லோரும் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, பாடசாலைக் கொப்பிகளை மடியில் வைத்து ஆறு வருடமாக நான் கடப்பது இந்தச் சின்னக் கடலைத்தான்.

சென்ற வருடம் ஒருநாள் காலை, அந்தத் துறையில் காத்திருந்தபோது இலண்டனிலிருந்து என் மாமியின் மகன் அழைத்தான்.

“மச்சான், அடுத்த வருசம் ஜூன் மாசம் கப்பல்ல அமெரிக்கா போறன். சவுதாம்ப்டன்ல ஏறி நியூயோர்க்கில இறங்கிற. ஏழு ராத்திரி. நீயும் வா, டிக்கட் என்ட பொறுப்பு.”

விமானத்தில் எட்டு மணித்தியாலத்தில் போகிற ஊருக்கு ஏழு இரவு செலவழித்துப் போவதா? அதுவும் கையிலுள்ள காசையெல்லாம் கொட்டி? எனக்கு முதலில் வந்தது கோபம். “இது இஸ்ராஃப் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. லோஞ்சு வந்ததும் நானும் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது தன் திட்டத்தின் ஒரு துண்டை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். கப்பலின் பெயர் குவீன் மேரி 2. 2004 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்டது. 345 மீற்றர் நீளம். இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஊழியர்கள். ஒரு காலத்தில் அத்திலாந்திக்கைக் கடக்க இப்படிப் பல கப்பல்கள் போட்டி போட்டன. ஜெட் விமானங்கள் வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோய், இன்று ஒழுங்காக அந்தக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பலாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுக்க வேண்டுமாம். குளிர்காலத்தில் வட அத்திலாந்திக் மிகவும் கொந்தளிக்கும் என்பதால் கோடையைத் தெரிந்தானாம். நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஜூனிலும் பனிமூட்டம் வரலாமாம். இரவுச் சாப்பாட்டுக்கு எந்த உடுப்பு, அமெரிக்காவில் இறங்க என்ன அனுமதி, ஹலால் உணவுக்கு எப்போது எழுதிக் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். மேற்கு நோக்கிப் போகும்போது ஐந்து இரவுகள் மணிக்கூட்டை ஒவ்வொரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அந்த நாட்களுக்கு இருபத்தைந்து மணித்தியாலம். “தொழுகை நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தா மச்சான், நீதானே வாத்தியார்” என்றான்.

அந்தக் கணக்கைச் செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. சவுதாம்ப்டனில் கிப்லா தென்கிழக்கே இருக்கிறது. நியூயோர்க்கில் அது வடகிழக்கே. பூமி உருண்டை என்பதால், கப்பல் போகப்போக நாளுக்கு நாள் அந்தத் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வரும். இதைப் படம் போட்டு அவனுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், நான் எதிர்த்த பயணத்துக்கு நானே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

என்னிடம் இரண்டு ஆட்சேபணைகள் இருந்தன. ஒன்று விரயம். முகாமிலிருந்து வீடு கட்டி முடிக்காத உறவுகள் புத்தளத்தில் இன்னும் இருக்கிறார்கள். மற்றது செருக்கு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வரப்போகும் ஒரு மாலைக்கு உடுப்புத் தெரிவு செய்பவனைப் பார்த்தால், நாளையைத் தன் சட்டைப்பையில் வைத்திருப்பவன் போலத் தெரிகிறது. நாளை இதைச் செய்வேன் என்று, அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் சொல்லாதே என்று சூரா கஹ்ஃபில் நமக்குப் புத்தி சொல்லப்பட்டிருக்கிறது. குறிகட்டுவான் துறைக்கும் அந்தப் பாடம் தெரியும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து இந்தத் துறைக்கு வரப் புறப்பட்ட குமுதினிப் படகில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு மணித்தியாலப் பயணம். அவர்களும் அன்றைக்குப் பின்னேரத்துக்கு ஏதோ வேலை வைத்துக்கொண்டுதானே ஏறியிருப்பார்கள்?

இந்த இரண்டையும் ஒருநாள் இரவு அவனிடம் நேராகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

“மச்சான், நான் கடல்ல போனது வாழ்க்கையில ஒரே தடவை. அது உனக்குத் தெரியும். ஒரு தடவையாவது நான் விரும்பிக் கப்பலேற வேணும்.”

எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் கடைசியில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது, மன்னார்த் தீவிலிருந்த நாங்கள் கடற்கரைக்குப் போய் மழையில் நின்றோம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பத்து. வள்ளம் எப்போது வரும், எத்தனை பேரை ஏற்றும், எங்கே இறக்கும் என்று வாப்பாவுக்கும் தெரியாது. கற்பிட்டி என்றார்கள். ஏறினோம். மாமி வழிநெடுக வாந்தி எடுத்தார். அவன் தாயின் தலையைப் பிடித்துக்கொண்டு, “எப்ப சேருவோம்?” என்று வள்ளக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். அவர் வாய் திறக்கவில்லை. வாப்பா கொடுத்த காசை அவர் எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. விடியப் போகும் நேரத்தில் எங்களை இறக்கிவிட்டு அவர் திரும்பிவிட்டார்.

அன்றைக்கு எங்களிடமிருந்து பறிபோனவற்றை எண்ணுபவர்கள் வீடு, காணி, தோணி, நகை என்று எண்ணுவார்கள். எண்ணவும் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. அது எங்கள் ‘நாளைக்கு’. அடுத்த மாதம் சுன்னத்துக் கலியாணம், தை பிறந்தால் கூரை வேய்தல், பெருநாளைக்கு இன்ன துணி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திட்டம் இருந்தது. அது ஒரே நாளில் இல்லாமல் போனது. முகாமில் எங்கள் பெரியவர்கள் வருடக்கணக்காக எதையும் திட்டமிடவில்லை. “போகலாம் என்றால் போவோம்” என்பதே பேச்சு. அதை நாங்கள் பொறுமை என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், அதில் பாதிதான் பொறுமை, மீதிப் பாதி முறிந்துபோன மனது.

அதனால்தான் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: திட்டமிடுதல் செருக்கு அல்ல, சுதந்திரமான மனிதனின் அடையாளம். அகதிக்கும் அடிமைக்கும் கைதிக்கும் முதலில் இல்லாமல் ஆக்கப்படுவது அதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபியவர்கள் சொன்னதை எல்லோரும் அறிவோம். கட்டுவதற்கு ஒட்டகம் இல்லாதவனின் நிலைமையை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. அவனுக்கு தவக்குல் மட்டும்தான் மிச்சம். அப்படிப்பட்டவன் ஒருநாள் ஒரு கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்க்கிறான் என்றால், அதை விரயம் என்று நான் எந்த வாயால் சொல்வது? புத்தளத்து உறவுகளுக்கு அவன் வருடாவருடம் அனுப்பும் பணம் எனக்குத் தெரியும். அது நிற்கவில்லை.

ஆனாலும் என் மனதில் ஒரு முள் இருந்தது. திட்டம் என்பது நிஃமத் என்றால் அதற்குரிய ஷுக்ர் என்ன? இதை யோசித்தபோது, என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் அன்னபூரணியின் கதை நினைவுக்கு வந்தது.

அத்திலாந்திக்கைக் கடந்தவர்கள் நம் வடபுலத்தில் முன்னரும் இருந்தார்கள். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஏற்கெனவே சின்னப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஏறத்தாழ 89 அடி நீளம். குவீன் மேரியின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு தோணி. பாயை ஏற்றியும் இறக்கியும் அந்தக் கடலைக் கடந்தவர்கள் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை சபாரத்தினம், பூபாலசிங்கம் சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி ஆகியோர்.

திட்டம் ரொபின்சனுடையது. பணமும் அவருடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காசு கொடுத்து வாங்கிய கப்பலுக்குப் பெயர் வைப்பது அவர் உரிமை. ஆனால் கடல் திட்டத்தால் கடக்கப்படவில்லை. அந்த ஐந்து பேரின் கைகளால் கடக்கப்பட்டது. அவர்களுடைய ஊர் அந்தப் பெயர்களைச் சொல்லிச்சொல்லிப் பாதுகாத்ததால் இன்றைக்கு நான் அவற்றை ஒரு வகுப்பறையில் எழுத முடிகிறது. எத்தனையோ கப்பல்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. நம் முன்னோர் ஹஜ்ஜுக்குப் போன கப்பல்களின் பெயர் நமக்குத் தெரியும், அவற்றின் அடித்தட்டில் நிலக்கரி அள்ளிப் போட்டவரின் பெயர் தெரியாது.

எங்கள் வள்ளக்காரரின் பெயரும் எனக்குத் தெரியாது. வாப்பா மௌத்தாகும்வரை அதைச் சொல்லி வருந்தினார். கூலி கொடுத்தோம், பெயர் கேட்கவில்லை என்று. அந்த மனிதர் அன்றிரவு நம்பிக்கையோடு கடலில் இறங்கியிருக்காவிட்டால் நாங்கள் எங்கே இருந்திருப்போம்? பணத்தால் கட்டணத்தைத் தீர்க்கலாம். கடன் அதோடு தீர்ந்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்குச் செருக்காகத் தெரிகிறது. நாளைக்கு உடுப்புத் தெரிவு செய்வது அல்ல.

இதை மச்சானுக்கு எழுதினேன். நான் வரவில்லை, பதினோராம் வகுப்புக்குப் பரீட்சை இருக்கிறது, நீ போய் வா என்றேன். கொப்பியில் கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொள் என்றும் கேட்டேன்: உன் அறையைக் கூட்டுபவர், உனக்குச் சாப்பாடு வைப்பவர் யாரென்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள். அவர்களும் கடலைக் கடக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நாளையை யாரோ ஒருவரின் கால அட்டவணை தீர்மானிக்கிறது.

“சரி மச்சான், இன்ஷா அல்லாஹ். நீ கேட்டியா, உன்ட லோஞ்சுக்காரர்ட பேரு?” என்று பதில் வந்தது.

கேட்டிருக்கவில்லை. ஆறு வருடமாகச் சுக்கானைப் பிடித்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை ‘அண்ணை’ என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். மறுநாள் காலை குறிகட்டுவானில் ஏறியதும் போய்க் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார், ஏதும் முறைப்பாடு எழுதப் போகிறேனோ என்று நினைத்திருக்கலாம். பிறகு பெயரைச் சொன்னார். “ஏன் சேர், திடீரெண்டு?” என்றார். என்னிடம் சொல்ல ஒரு கதையே இருந்தது. ஆனால் அன்றைக்குக் காற்று எழும்பியிருந்தது, அவர் கடலைப் பார்க்க வேண்டியிருந்தது. “சும்மா கேட்டன் அண்ணை” என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.