பெயரை வாசிக்கலாமா?



மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்கள் வந்துவிட்டன. பாடப் புத்தகத்தில் இதற்கு வசந்த காலம் என்று படித்தோம். ஜொகூரில் அப்படி ஒரு காலத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் நம் சங்கத்துக்கு இதுவே வேலைக் காலம். குடும்ப தின விருந்து, பிள்ளைகளுக்குக் கிராஅத் போட்டி, கல்வி நிதிக்காக உணவுச் சந்தை, அதன் பிறகு மகாசபை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2025 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டதால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கூடிக்கொண்டிருந்த நாம் இப்போது ஞாயிறன்று கூட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் சகோதரர்களுக்கு இது வசதி. உணவுக் கடைக்காரர்கள் படும் பாட்டை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க.

நிர்வாக சபையில் ஒரு விஷயம் இன்னும் தீராமல் கிடக்கிறது. கல்வி நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் மேடையில் வாசிப்பதா, வேண்டாமா என்பதே அது. இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்தது நாமேதான். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தால் மனிதனுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. "ஆயிரம் வெள்ளி!" என்போம்; சபை தக்பீர் முழங்கும். "ஐந்நூறு வெள்ளி!" என்போம், மறுபடியும் முழங்கும். அப்போது ஓர் உணவுக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசையும் பெரியவர் ஒருவர், ரசீதுப் புத்தகம் வைத்திருந்த மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் மடித்த நோட்டு ஒன்று இருந்தது. மூன்று நான்கு பெயர்கள் வாசிக்கும்வரை நின்றார். பிறகு நோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மறுநாள் நம் கடைக்கு வெங்காயம் வாங்க வந்தவர், இருபது வெள்ளியை மேசைமேல் வைத்து, "இதையும் அதோட சேர்த்துடுங்க தம்பி. பேரு கீரு ஒண்ணும் வேண்டாம்" என்றார். வாங்கிக்கொண்டோம். அவர் கண்ணைப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை மறைத்தால் நாம் நேர்மையானவர்கள் அல்லர். இருநூறு வெள்ளி என்று எழுதிக் கொடுத்திருந்த ஒரு சகோதரர், பக்கத்துக் கடைக்காரரின் பெயருக்கு எதிரே ஐந்நூறு என்று கேட்டதும் எழுந்து, "நமக்கு ஐந்நூற்று ஒன்று போடுங்கள்" என்றார். கூடுதலாக வந்த அந்த முந்நூற்று ஒரு வெள்ளியை ரியா என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் ஜொகூரில் நம் பிள்ளைகள் காலையில் ஒரு பள்ளிக்கும் பிற்பகலில் அகாமா பள்ளிக்கும் போகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சீருடை. வேன் கூலி வேறு. அந்தப் பணத்தில் தகப்பனை இழந்த பிள்ளை ஒன்றுக்கு இரண்டு பள்ளிக்கும் உடுப்பு வந்தது. உடுப்பில் ரியா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே கேள்வி லேசானதல்ல. பெயரை வாசித்தால் வசூல் கூடுகிறது. வாசித்தால் ஒருவர் பின்வாசல் வழியாகப் போகிறார். எதை விடுவது?

மார்க்கத்தில் தேடினால் நமக்கு இரண்டு பக்கமும் கிடைக்கிறது. பகறா அத்தியாயத்தில் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லது என்றே சொல்லப்பட்டு, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுத்தவர், அர்ஷின் நிழல் பெறும் எழுவரில் ஒருவர் என்று ஹதீதில் வருகிறது. கொடையாளி என்று ஊர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கொடுத்தவன் மறுமையில் என்ன ஆவான் என்பதையும் நம் ஹஜ்ரத்மார்கள் பலமுறை பயான் செய்துவிட்டார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. முளர் கோத்திரத்தார் வறுமைக் கோலத்தில் மதீனா வந்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. மக்களைக் கூட்டிப் பேசினார்கள். அன்ஸாரி ஒருவர் கை தாங்காத அளவுக்குப் பணமுடிப்பைக் கொண்டுவந்து எல்லோர் முன்னும் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். தானியம் ஒரு குவியலும் துணி ஒரு குவியலும் சேர்ந்தன. நாயகத்தின் முகம் ஒளிர்ந்தது. நல்ல வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைப்பவருக்கு, அதைப் பின்பற்றியவர்களின் கூலியைப் போன்ற கூலியும் உண்டு என்று நாயகம் சொன்னது அந்தச் சமயத்தில்தான். அந்த அன்ஸாரி இரவில் வந்து மறைவாக வைத்துவிட்டுப் போயிருந்தால் குவியல் ஏது?

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் படையெடுப்புக்கு நிதி திரட்டியபோதும் அப்படியே. உஸ்மான் (ரலி) அவர்கள் ஆயிரம் தீனாரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அபூ அகீல் (ரலி) அவர்கள் இரவெல்லாம் கூலிக்குத் தண்ணீர் இறைத்து, கிடைத்த பேரீச்சம் பழத்தில் பாதியைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் பகிரங்கமாக நடந்தவை. அங்கே ஒரு கூட்டம், அதிகம் கொடுத்தவரைப் பகட்டுக்காரர் என்றது; கொஞ்சம் கொடுத்தவரைப் பார்த்து இதை அல்லாஹ் என்ன செய்வான் என்று நகைத்தது. தௌபா அத்தியாயத்தின் 79ஆம் வசனம் கண்டித்தது அந்த நாவைத்தான். கொடுத்த இருவரையும் அல்ல.

இதை யோசிக்க யோசிக்க நம் மனம் குறுகுறுக்கிறது. பெரிய தொகையில் தொடங்கிச் சிறிய தொகை வரை இறங்கு வரிசையில் எழுதி, ஐம்பதுக்குக் கீழே உள்ளவற்றை "மற்றும் பலர்" என்று சொல்லி முடிக்கிறோமே, அந்த நாவின் வேலையை மரியாதையான முறையில் நாமே செய்கிறோமா? நாம் யாரையும் நகைக்கவில்லை. பெரியவர் நகைப்பைக் கேட்டுப் போகவில்லை. எண்களைக் கேட்டுப் போனார்.

இதுவரை இந்த விவாதத்தைக் கொடுப்பவனின் இக்லாஸைப் பற்றியதாகவே பேசி வந்திருக்கிறோம். அவன் நிய்யத் அவனுக்கும் ரப்புக்கும் உள்ள கணக்கு. அதை நிர்வாக சபை தணிக்கை செய்ய முடியாது. நாம் பொறுப்பேற்க வேண்டியது வேறு இருவருக்கு: கொஞ்சமே கொடுக்க முடிந்தவர் ஒருவர், வாங்குகிற பிள்ளை ஒன்று.

பெயர் சொல்வதே கூடாது என்றும் நாம் சொல்லமாட்டோம். பெயர் சொல்லாவிட்டால் சீதக்காதி வள்ளலை நமக்கு யார் அறிமுகப்படுத்தியிருப்பார்? உமறுப் புலவர் சீறாப்புராணத்துக்குள்ளேயே தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைப் பல இடங்களில் புகழ்ந்திருக்கிறார். திருச்சியில் 1951இல் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கண்ட கல்லூரி, ஜமால் முகம்மது கல்லூரி என்றே விளங்குகிறது. அங்கே படித்து ஆளானவர்களுக்கு அந்தப் பெயரால் ஒரு குறையும் இல்லை. இங்கே பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகினர் 1946இல் தமிழ்ப் பள்ளி தொடங்கியபோது, கொடுத்தவர் எவர் பெயரையும் வைக்காமல் உமறுப் புலவர் பெயரை வைத்தார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் வந்து இன்றும் நடக்கிறது. பள்ளி போயும் பெயர் நின்றது, ஒருவருடைய பெயராக இல்லாததனாலோ என்னவோ.

சீனச் சகோதரர்கள் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டியதும் நினைக்கத்தக்கது. 1953இல் டான் லார்க் சை என்னும் ரப்பர் வியாபாரி 50 லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். 1954இல் திரிஷா மிதிப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாள் வரும்படியைக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 1980இல் வேறொன்றுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றி மக்கள் இன்னும் பேசுகிறார்கள். எல்லாம் பட்டப்பகலில், தெருவில் நடந்தது. ஆனால் எவர் எவ்வளவு மிதித்தார் என்று எவரும் வரிசை போடவில்லை.

நாம் ஓதிய மதரஸா பிடி அரிசியில் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை நாங்கள் சாக்குடன் போய் வாங்கி வருவோம். பெரிய வீட்டுச் சம்பா, குடிசை வீட்டு ரேஷன் அரிசி, பச்சரிசி, புழுங்கலரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். ஒன்று குழையும், ஒன்று வேகாது; சமையல்காரர் தினமும் திட்டிக்கொண்டே வடிப்பார். எந்தப் பருக்கை எவர் வீட்டது என்று எங்களுக்குத் தெரியாது. தெருவில் எந்த வீட்டார் எதிரே வந்தாலும் நாங்கள் தலை குனிந்ததில்லை.

வாங்கும் பிள்ளைக்கு வருவோம். மேடைக்கு அழைத்து, புத்தகப் பையைக் கையில் கொடுத்து, பிரமுகரோடு நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்தப் படம் அன்றிரவே எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்விடுகிறது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படி உட்காரும்? அரசாங்கம் கொடுக்கும் பள்ளி ஆரம்ப உதவி, இடையில் சில ஆண்டுகள் குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்தது. 2023 முதல் வருமானம் பாராமல் 150 வெள்ளி என்று எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பணக்காரன் பிள்ளைக்கு எதற்கு என்று நாமே முதலில் முணுமுணுத்தோம். எல்லோரும் வாங்கும் வரிசையில் ஏழைப் பிள்ளை எது என்று எவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. படம் எடுக்கும் விஷயத்தில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. அது நிற்க வேண்டும்.

பெயர் வாசிக்கும் விஷயத்தில் நிர்வாக சபைக்கு நாம் எழுதிக் கொடுத்திருப்பது இது. ஏப்ரலில் ஒரு நாளைக் குறித்து, அன்றைய கடை லாபத்தைக் கல்வி நிதிக்கு என்று ஒவ்வொருவரும் ஒதுக்கட்டும். சம்பளக்காரர்கள் அன்றைய கூலியில் முடிந்ததைப் போடட்டும். எல்லாம் ஒரே பூட்டிய பெட்டியில் விழட்டும். மேடையில் மொத்தத் தொகையையும், அது எவ்வாறு செலவாயிற்று என்பதையும் காசு பிசகாமல் வாசிப்போம். கொடுத்தவர்களின் பெயர்களை வாசிப்பதானால் தொகை இல்லாமல், அகர வரிசையில், ஐந்து வெள்ளி போட்டவர் வரை வாசிப்போம். ரசீது வேண்டுபவருக்கு ரசீது உண்டு. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி மகாசபை முடிந்து 60 நாட்களுக்குள் கணக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. ஜக்காத்தை இதில் கலக்க வேண்டாம். அது மாநில இஸ்லாமிய சமய மன்றத்துக்குச் சேர வேண்டியது.

பொருளாளர் சகோதரர் பெட்டி யோசனையைக் கேட்டுச் சிரித்தார். "பெயர் வாசிக்காவிட்டால் பாதி வசூல் போய்விடும். பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" என்றார். அவரும் நம்மைப் போல் கல்லாவில் உட்கார்ந்து முடி நரைத்தவர்; மனிதர் சுபாவம் அறிந்தவர். அவர் சொல்வது பொய் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கங்களில் வெள்ளம் சூழ்ந்தபோது எந்தப் பட்டியலும் இல்லாமல் நம் கடைக்காரர்கள் சோற்றுப் பொட்டலம் கட்டி ஏற்றியதைச் சொன்னோம். "அது வெள்ளம், கண்ணுக்குத் தெரியும்; பள்ளி வேன் கூலி கண்ணுக்குத் தெரியாது" என்றார். அதுவும் நியாயமே. குறைந்தால், குறைந்ததை இருவரும் சேர்ந்து கடை கடையாக ஏறிக் கேட்பது, ஓர் ஆண்டு மட்டும் பார்ப்பது என்று கடைசியில் ஒப்புக்கொண்டோம்.

பெட்டிக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று. உணவுச் சந்தையில் பிரியாணி, ரொட்டி சானாய் எல்லாவற்றுக்கும் ஒரே விலைச் சீட்டு. நிர்வாகிகளும் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். மாவு பிசைந்த பெரியவர் இப்போது குளுவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைச் சந்தைக்கு அழைத்து வர ஆள் அனுப்பியிருக்கிறோம்; இன்னும் பதில் வரவில்லை.

வஸ்ஸலாம்.