உபகாரமா, சம்பளமா?

'ஸ்காலர்ஷிப்' என்பதற்கு நம் பெரியவர்கள் 'உபகாரச் சம்பளம்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் விஷயம் தெரிந்தவர்தான். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொற்களை ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். உபகாரம் என்றால் வாங்குகிறவன் தலை குனிய வேண்டும். சம்பளம் என்றால் குனிய வேண்டியதில்லை. வேலை செய்தால் போதும். கடல் கடந்து போய் அந்நியர் பணத்தில் படிக்கிற பிள்ளை இந்த இரண்டில் எதை வாங்குகிறான்? யாருக்குக் கடன்பட்டவன் ஆகிறான்?

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரீயா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சிலருக்கும் அதே சட்டம்தான். ஆனால் ஒவ்வொருவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஏதேனும் வேலை செய்தாக வேண்டும். துடைப்பம் கட்டுவதும் துணி நெய்வதும்கூட அங்கே மாணவர் வேலைகள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. சும்மா வாங்கினோம் என்ற கூச்சம் பிள்ளைக்கு இல்லை; சும்மா கொடுத்தோம் என்ற கர்வம் கொடுத்தவருக்கும் இல்லை.

"அப்படியானால் கணக்குத் தீர்ந்ததே!" என்பீர்கள். தீரவில்லை. அந்தப் பத்து மணி நேர உழைப்பு ஒரு படிப்பின் முழு விலை ஆகிவிடாது. மிச்சத்தை யாரோ கொடுத்திருக்கிறார்.

அந்த 'யாரோ' யார் என்று தேடிப் போனால், சில சமயம் விசித்திரமான இடத்தில் போய் நிற்கிறோம். பாக்ஸர் கலகத்துக்கு அபராதமாக 45 கோடி டேல் வெள்ளி தர வேண்டும் என்று 1901-ல் வல்லரசுகள் சீனாவுக்கு விதித்தன. 39 வருஷத் தவணை; வட்டி வேறு. சுங்க வருமானத்தோடு உப்பு வரியும் அதற்கு ஈடு. தன் பங்கில் மிகையாக இருந்ததைத் திருப்பிவிட அமெரிக்கா 1908-ல் முடிவு செய்தது. அந்தப் பணத்தில்தான் 1909 முதல் சீன மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போனார்கள். பின்னாளில் பேரறிஞராக விளங்கிய ஹூ ஷி 1910-ல் அப்படிப் போனவர்.

இதில் உபகாரி யார்? அமெரிக்காவை நான் குறை சொல்லவில்லை. மற்ற வல்லரசுகள் அப்போது அதுகூடச் செய்யவில்லை. ஆனால் கஞ்சிக்கு உப்பு வாங்கும்போதே வரியும் கட்டிய சீனக் குடியானவன் எங்கே போனான்? கல்லூரி வாசலைக்கூடப் பார்த்தறியாதவன் அவன். கொடுத்தவர் பெயர் மாணவனுக்குத் தெரியும். அவன் பெயர் தெரியாது. தெரியாததனால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

பெரும்பாலான உபகாரச் சம்பளங்களுக்குப் பின்னால் இப்படி முகம் தெரியாதவர்கள் நிற்கிறார்கள். கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதிவிடலாம். விலாசம் இல்லாதவர்களுக்கு என்ன எழுதுவது?

கணித மேதை ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உபகாரச் சம்பளத்தில் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர். மேலும் வருஷத்துக்கு 250 பவுன் தரப் பல்கலைக்கழகம் முன்வந்தபோது, 1919 ஜனவரியில் நோயோடு போராடிக்கொண்டே ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார்.

விலாசம் இல்லாதவர்களுக்கு எழுதிய பதில் என்று நான் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் வாங்கிய வயல் அதை ஆற்றுக்குத் திருப்பித் தருவதில்லை. மடையைத் திறந்து அடுத்த வயலுக்கு விடுகிறது. படித்த பிள்ளையிடம் நாம் கேட்கக்கூடியதும் அவ்வளவுதான்: தலை குனிய வேண்டாம், மடையை அடைத்துவிடாமல் இருந்தால் போதும்.