காலம் அறிவிக்குமோ?

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப்பருவமாம். ஆசிரியர் தொல்காப்பியனார் இதனையும் முன்பனியையும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாக வகுத்தருளினார். சேலம் மாவட்டத்திலே, கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விளங்கும் ஏற்காடு அவ்வகுப்பின் பொருத்தத்தைக் காண்டற்கு ஏற்ற இடம். குளிர்நாடுகளிற்போல இலையுதிர்ச்சி இங்கே இப்பருவத்தின் அடையாளமன்று. உதிரும் இயல்பின மரங்கள் பெரும்பாலும் பனி கழிந்த வறட்சியிலேயே இலையுதிர்ப்பன. கூதிரிலோ வடகிழக்குப் பருவமழையாற் சோலை தழைக்கும். ஆகவே பருவமாற்றத்தைச் சிறகுடைய சிற்றுயிர்களிடத்துக் காண்டல் வேண்டும்.

அம்மழை வலுக்குமுன், நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய வண்ணத்துப்பூச்சிகள் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கங்களினின்றும் மேற்குத்தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குங்கால் அம்மலையினின்றும் கிழக்கே வருகின்றன. இவற்றுள் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு முதலிய செடிகளில் மொய்த்து ஒருவகை நச்சுச்சாற்றை உறிஞ்சும். அது பகையினின்றும் காத்தற்கும், பெடையை ஈர்க்கும் மணம் அமைதற்கும் உதவுவது.

சின்னாள் வாழும் இவ்வுயிர்க்கு வழியும் பொழுதும் உணர்த்துவார் யாவர்? காற்றும் வெயிலும் பகற்பொழுதின் அளவும் மாறுதலே காரணம், வேறு வேண்டா என்பர் ஒருசாரார். அம்மாற்றங்கள் அடையாளமாதலை யாமும் மறுக்கிலேம். ஆயினும் அடையாளம் வேறு, அறிவிப்பது வேறு. மடத்திலே உணவுக்கு மணி ஒலிக்கின்றது, மாணாக்கர் எழுகின்றனர். எழுப்பியது மணியோசையேயெனினும், பொழுதறிந்து அடித்தது மணியன்று. காலம் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று. மாயையின் காரியமாகிய சடம். சடம் தானே ஒன்றை அறிந்து பிறிதொன்றற்கு அறிவித்தல் கூடாது. உயிரும் அறிவித்தாலன்றி அறியும் இயல்பினதன்று. ஆதலின் உயிரையும் காலத்தையும் இயைத்து அறிவிக்கும் முதல் ஒன்று உண்டென்பது பெறப்படும்.

அற்றேல், அறிவிக்கப்பெற்றுச் சென்றவற்றுட் பல வழியிலே புயலாலும் பறவையாலும் மாய்வதேன் எனின், அறிவித்தல் வினையை நுகராது விலக்குதல் அன்று, நுகர்வித்துப் பக்குவப்படுத்தலாம். ஓருடம்பின் முடிவு உயிரின் கல்விக்கு முடிவாகாது. மக்களாகிய நமக்கும் இதுவே முறை.

இனி, இதனாற் போந்த கடமை ஒன்றுண்டு. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்க் காடு திருத்தித் தோட்டங்கள் பெருகின. ஆஸ்திரேலிய நாட்டுச் சில்வர் ஓக் மரம் நிழலுக்காக நடப்பெற்றது. உழுது பயிரிடுதல் குற்றமென்பது எம் கருத்தன்று. ஆனால் வரப்பிலும் வழியோரத்திலும் நிற்கும் கிலுகிலுப்பையையும் களையென்று வேரொடு அகழ்ந்தெரித்தல் எற்றுக்கு? எல்லாம் சடத்தின் விளையாட்டெனக் கொள்வார்க்கு அதனால் ஓரிழுக்கும் தோன்றாது. தும்பியை நான்கறிவுயிருள் வைத்து எண்ணிய மரபினராகிய நமக்கோ, சிறகுடைய இச்சிற்றுயிரும் ஒரே ஆசிரியனிடத்து வேறு வகுப்பிற் பயிலும் உடன்மாணாக்கன். தன் பாடத்தைக் கல்லாதிருத்தல் ஒருவனுடைய குறை. பிறனொருவன் பாடத்தைக் கிழித்தெறிதல் அதனினும் பெரிதாகிய பிழை.

வரப்பின் ஓரத்திலே ஒரு முழ அகலம் உழாது விடுதலும் உயிர்க்கிரங்கும் அறத்தின்பாற்படும் என்க.